பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். டயாலிசிஸ் போய்வருகிறவர், சர்க்கரையால் கால்விரல் எடுத்தவர், மூட்டு ஆபரேஷனுக்காக மதுரையில் சேர்ந்திருக்கும் ஆச்சி என்று எல்லாருக்கும் பேர் இருக்கும், தெரு இருக்கும், எந்த ஆஸ்பத்திரி என்பதும் இருக்கும். கடைசியாக ஒரு வரி வரும். "ஒரு சகோதரனின் விசேஷித்த தேவைக்காகவும் ஜெபித்துக்கொள்வோம்." பேர் கிடையாது. என்ன தேவை என்பதும் கிடையாது. ஆனால் யார் வீடு என்று சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்த வரிக்குள் ஒளிந்திருக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன், பாலிடெக்னிக் முடித்து மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டார் ராத்திரி முழுக்கத் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். பக்கத்து வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னார். இன்று அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுது, பேரு மட்டும் போடாத" என்றான்.

பேரை மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடக் கூடாது. அதனால் மறைக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் சொல்ல வருவது வேறு. பேர் இருக்கும் வீட்டுக்கு ஆள் போகிறது. டயாலிசிஸ் என்றால் போதகர் போகிறார், பெண்கள் ஐக்கிய சங்கம் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போகிறது, வாலிபர்கள் ரத்தம் கொடுக்கிறார்கள். பேர் இல்லாத வீட்டுக்கு யாரும் போவதில்லை.

இப்படிப்பட்ட வீடுகள் எங்கோ ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவே இல்லை. ஐந்நூறு பெரியவர்கள் இருக்கிற ஒரு சேகரத்தில் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். ஐம்பது பேருக்கு மேல் வருகிறார்கள். அந்த ஐம்பது பேருக்கும் சேர்த்து ஒரு விசேஷித்த தேவைதான் வாசிக்கப்படுகிறது.

சில காலத்துக்கு முன் ஓர் இளம் போதகர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "அக்கா, கேன்சர் வீட்டுக்குப் போனா என்ன ஜெபிக்கணும்னு தெரியுது. இந்த மாதிரி வீட்டுக்குப் போனா எதுக்கு ஜெபிக்கன்னே தெரியல. பிசாசைக் கடிந்துகொள்ளணுமா, சுகத்துக்குக் கேக்கணுமா, இல்ல பேசாம இருந்துட்டு வரணுமா?" அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. இந்தப் பதிவில் பெரும்பகுதி அவருக்குச் சொல்லும் பதில்தான்.

முதலில் மாத்திரை.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போன முதல் சில ஆண்டுகளில் சித்தி அவனைக் கூட்டிக்கொண்டு போகாத ஜெபவீடு இல்லை. பெற்ற வயிறு. எந்தக் கதவு திறந்திருந்ததோ அதற்குள் நுழைந்தார். அப்படிப் போன ஓரிடத்தில், "ஒரு கையில மாத்திரை, ஒரு கையில விசுவாசம்னு இருந்தா எப்படிம்மா?" என்று கேட்டார்கள். சித்தி மாத்திரை அட்டைகளை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போதகர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அண்ணன் தேறினான். உண்மையாகவே தேறினான். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றுக்குத் தூக்கக்கலக்கம் உண்டு, கைகால் விறைப்பு உண்டு, சிலவற்றுக்கு அடங்காத பசியும் உடல் பெருப்பதும் உண்டு. நிறுத்தியதும் இவையெல்லாம் விலகும். முகத்தில் தெளிச்சி வரும், நடையில் வேகம் வரும், ஆள் வீட்டில் எல்லாரோடும் பேசுவான். நோய் அந்த வேகத்தில் திரும்பி வருவதில்லை. சிலருக்குச் சில வாரம், பலருக்குப் பல மாதம் ஆகும். இந்த இடைவெளியில்தான் சாட்சி சொல்லவைக்கிறார்கள். அண்ணனும் கன்வென்ஷன் பந்தலில் ஏறிச் சாட்சி சொன்னான். ஜனம் அல்லேலூயா சொன்னது. மழைக்காலம் வந்தபோது குரல்கள் திரும்பி வந்துவிட்டன, முன்னைவிட உரத்து.

நோய் திரும்பியதோடு முடிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரிசெய்திருக்கலாம். சாட்சி சொன்னவனுக்கு இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. எல்லார் முன்னாலும் சுகமானேன் என்று சொல்லியாயிற்று, இப்போது எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவது? வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, விசுவாசம் குறைந்துவிட்டது என்று விளக்கம் சொல்லவும் ஆட்கள் வருகிறார்கள். அண்ணன் நெடுங்காலம் கோவில் வாசல் மிதிக்கவில்லை. கடவுள்மேல் அவனுக்குக் கோபமில்லை, வெட்கம்தான் காரணம்.

ஆகவே அந்த இளம் போதகருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை: மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லும் அதிகாரம் ஜெபிக்கிறவருக்கு இல்லை. யாராவது உங்களிடம் வந்து, "ஐயா, இந்த மாத்திரை என்னைப் படுத்துது" என்று சொன்னால் அதையும் தள்ளிவிடாதீர்கள். அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். டாக்டரிடம் சொல்லப் பயந்து உங்களிடம் சொல்கிறார்கள். அளவை மாற்றலாம், வேறு மருந்து தரலாம், விறைப்புக்குத் தனி மாத்திரை உண்டு. "வாங்க, அடுத்த தடவை ஓபிக்குப் போகும்போது நானும் கூட வர்றேன், ரெண்டு பேருமா சேந்து சொல்லுவோம்" என்று சொல்லக்கூடிய போதகர் கிடைத்தால் அந்த வீடு பிழைத்துக்கொள்ளும்.

நம்முடைய நல்ல பழக்கங்கள் சிலவற்றிலேயே அபாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருமுனைக் கோளாறு என்று ஒன்று உண்டு. சில காலம் மனம் பாதாளத்துக்கு இறங்கும், சில காலம் தூக்கமே வேண்டாம் என்கிற அளவுக்கு உச்சத்தில் பறக்கும். அதற்குத் தரும் மருந்துகளில் முக்கியமானது லித்தியம். அது ஓர் உப்பு. ரத்தத்தில் அதன் அளவு குறுகிய ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். தண்ணீரும் உப்பும் உடம்பில் குறைந்தால் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். லெந்து நாட்களில், நம் ஊர் மார்ச் மாத வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கும் ஒருவர் லித்தியம் எடுப்பவராக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முழு இரவு ஜெபமும் அப்படித்தான். இந்த நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது ஒன்றே போதும், மனம் உச்சத்துக்கு ஏறிவிடும். விடிய விடியக் களைக்காமல் ஜெபிக்கிறார், வல்லமையாகப் பேசுகிறார், வீட்டில் உள்ள நகையெல்லாம் காணிக்கை போடுகிறேன் என்கிறார் என்றால் அது அபிஷேகம்தான் என்று முடிவுகட்டும் முன் மூன்று நாளாகத் தூங்கினாரா என்று வீட்டில் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, உபவாச ஜெபம் அறிவிக்கும்போதெல்லாம், "மாத்திரை சாப்பிடுறவங்க சாப்பிட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காருங்க, கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்" என்று சேர்த்தே சொல்வார். யாருக்கு என்ன நோய் என்று அவர் கேட்பதில்லை. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவதால் யாரும் தனித்துத் தெரிவதும் இல்லை.

அடுத்து, பிசாசா நோயா என்ற கேள்வி. இதில் என் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல் இருக்கிறது. பிசாசு பிடித்தவர்கள் ஒரு வகையாகவும் நோயாளிகள் வேறு வகையாகவும் அதில் வருகிறார்கள். வேதமே பிரித்துச் சொல்லும்போது, வினோதமாக நடந்துகொள்கிறவர்கள் எல்லாரையும் ஒரே வகையில் அடைத்து, உச்சந்தலையைப் பிடித்து அழுத்திக் கத்துவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தனக்குள் குரல் கேட்கிறது என்று ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவனிடம் போய், உனக்குள் ஒருவன் இருக்கிறான் என்று நாமும் சொன்னால் அவன் எங்கே போவான்?

தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோவில் வளாகத்தில் மனநோயாளிகளோடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தாரும் வருகிறார்கள். அந்தக் குடும்பங்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று யாராவது பேசினால் எனக்குத் தாங்காது. வேறெங்கும் உட்கார இடம் கிடைக்காதவர்கள் உட்கார இடம் கிடைக்கும் இடத்துக்குப் போகிறார்கள். ஆனால் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது என்று வந்துவிட்டால் அதில் இரண்டு பேச்சு கிடையாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, ஏர்வாடி தர்காவை அண்டி நடந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஜெபவீட்டுக்கும் அதே சட்டம்தான். வீடு சந்திக்கப் போன இடத்தில் பின்கட்டில் ஒருவர் கட்டப்பட்டிருப்பதைப் போதகர் கண்டால், ஜெபத்துக்கு முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தைத் திட்டாமல், பயமுறுத்தாமல், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு இணைத்துவிட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசினால் தமிழிலேயே வழி சொல்வார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை அது. எந்த நேரமும் பேசலாம்.

சரி, மருந்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. போதகர் எதற்கு? இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஜான் நியூட்டனும் வில்லியம் கூப்பரும்தான்.

நியூட்டனை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்து, பின்னாளில் இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூருக்குப் போதகராக வந்தவர். அமேசிங் கிரேஸ் எழுதியவர். கூப்பர் கவிஞர். ஆறு வயதில் தாயை இழந்தவர். 1763இல், பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் வேலைக்கான தேர்வை நினைத்து நினைத்தே மனம் உடைந்து, உயிரை விடத் துணிந்தார். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல விடுதியில் சேர்த்தார்கள். அங்கே தேறினார், விசுவாசத்துக்குள் வந்ததும் அங்கேதான். 1767இல் நியூட்டனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே ஓல்னிக்குக் குடிவந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பழத்தோட்டம்தான் இடைவெளி. இருவரும் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போனார்கள், ஊர் ஜெபக்கூட்டத்துக்காகப் பாட்டு எழுதினார்கள். 1779இல் வெளிவந்த ஓல்னி பாடல் தொகுப்பு அப்படி உண்டானது.

இந்த இடத்தோடு நிறுத்தினால் அழகான சாட்சியாக இருக்கும். நிற்கவில்லை. 1773 தொடக்கத்தில் கூப்பர் மறுபடி விழுந்தார். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லும் ஒரு கனவு கண்டார். அந்தத் தீர்ப்பு சாகும்வரை அவரை விட்டுப் போகவில்லை. ஏப்ரலில் நியூட்டனின் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார். மறு ஆண்டு மே வரை, ஓர் ஆண்டுக்கும் மேல், அங்கேயே இருந்தார். 1773 அக்டோபரில், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனதுபோலத் தன்னைப் பலியிடச் சொல்லிக் கடவுள் கட்டளையிட்டதாக நம்பி மறுபடியும் உயிரை விட முயன்றார். போதகரின் வீட்டில், மனைவியும் வேலைக்காரர்களும் வந்து போகும் சபையாரும் இருக்கும் வீட்டில், இதெல்லாம் நடந்தது. நியூட்டன் அவரை வெளியே அனுப்பவில்லை. டாக்டர் காட்டனிடம் ஆலோசனை கேட்டார். அதை முன்னமே கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு. குறை நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பதின்மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கூப்பர் அதன் பிறகு கோவிலுக்குப் போகவில்லை, ஜெபிக்கவும் இல்லை. தனக்கு அந்த உரிமையே இல்லை என்று நம்பினார். ஆனால் வாழ்ந்தார். முயல்களை வளர்த்தார், தோட்டம் போட்டார், 1785இல் அவருடைய பெரிய கவிதை வெளிவந்தது, அடிமை வியாபாரத்துக்கு எதிராக எழுதினார், ஹோமரை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1800 ஏப்ரலில் இறந்தார். சுகமானேன் என்ற சாட்சி அந்த வாழ்க்கையில் வரவே இல்லை. நியூட்டனின் நட்பு கடைசிவரை இருந்தது. சுகமாகாத ஒருவனுக்கு, அவன் மறுபடி விழுந்த பிறகும், ஒரு போதகர் இருபத்தேழு ஆண்டு நண்பராக இருந்திருக்கிறார். போதகர் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

எங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். எங்கள் சேகரத்துக்குப் புதிதாக வந்த போதகர் ஒருவர், பேர் இல்லாத அந்த வரியை வாசித்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் சித்தியிடம் தனியாக வந்து, "நான் வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார். அனுமதி கேட்டதுதான் சித்திக்கு முதலில் பிடித்தது. வந்தபோது சித்தி, "ஐயர் வந்திருக்காவ, எந்திச்சு உக்காருய்யா" என்று அண்ணனை எழுப்பப் போனார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்பதுதான் வழக்கம். அவர் தடுத்துவிட்டார். "படுத்திருக்கட்டும்மா. நான் இங்கன உக்காந்துக்கிடுதேன்." அன்று அண்ணன் அவரோடு பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. அவர் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார், காப்பி குடிப்பார், "ஜெபிக்கட்டுமா தம்பி?" என்று கேட்பார். தலையசைத்தால் நாலு வரி ஜெபம், இல்லையென்றால் போய்வருகிறேன் என்று எழுந்துவிடுவார். குரல்களைப் பற்றி அண்ணன் முதல்முதலாக அவரிடம் சொன்னபோது, அது பொய் என்றும் சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை. "கேக்கும்போது ரொம்பப் பயமா இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். ஒருநாள் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடியும். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவை வாசிங்க" என்றான்.

அவர் சித்தியையும் கவனித்தார். சித்தி திருவிருந்து எடுத்தே பல காலம் ஆகியிருந்தது. அண்ணனைத் தனியே விட்டுவிட்டு ஆராதனைக்கு எப்படி வருவது? அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணனுக்குப் பழக்கமான இரண்டு பேரை ஞாயிறு காலை முறைவைத்து வீட்டில் உட்காரச் செய்தார். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களைத் தாங்கினால்தான் நோயாளியைத் தாங்க முடியும் என்பது மருத்துவர்களே கண்டுகொண்ட விஷயம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. கனடாவிலிருந்து மிஷனரியாக வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் 1950களில் தொடங்கிவைத்த பணி அது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்க வேண்டும். மனநோயாளியை மதிலுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்துவிடுவதே உலகம் முழுக்க வழக்கமாக இருந்த காலத்தில் அது புதுமை. அம்மாவுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று பழக்கி, இருவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்புவார்கள். அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1950இல், லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மையத்தைத் தொடங்கியவர் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ். இந்தியாவுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் அவரே மனம் உடைந்து படுத்தவர்.

அதனால் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் இது வரும். அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920இல் கடும் மனநோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஓர் ஆண்டுக்கும் மேல் உள்ளே இருந்தார். வெளியே வந்து, 1924இல் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராகச் சேர்ந்தார். மறு கோடையில் நான்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து, பகலில் வார்டில் உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதர்களையும் பொறுமையாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். இன்று உலகமெங்கும் மருத்துவமனைகளில் போதகர்களுக்குத் தரப்படும் பயிற்சி அந்த நாலு பேரிலிருந்து வளர்ந்தது. பாய்சனுக்கு 1930இலும் 1935இலும் நோய் திரும்பியது. தேறி, மறுபடி வேலைக்கு வந்தார். நம் ஊரில் ஒரு போதகர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அடுத்த சேகர கமிட்டியில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அவர் பக்கம் நின்று பேச கமிட்டியில் ஒருவராவது இருக்க வேண்டும்.

கல்யாணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓலை வாசிக்கிறவர் போதகர்தான். "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிரும்" என்று நோயை மறைத்துக் கட்டிவைத்து, இரண்டு வாழ்க்கை நாசமாவதை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். மனநோய் உள்ளவர்கள் கல்யாணம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்து நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்துச் செய்யக் கூடாது. கல்யாணத்துக்கு முன் இரு வீட்டையும் உட்காரவைத்துப் பேசும்போது, உடம்புக்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று போதகர் சகஜமாகக் கேட்டால், சொல்லத் தவிக்கிறவர்களுக்கு ஒரு வாசல் கிடைக்கும்.

இனி எழுதக் கடினமான பகுதி. சிலரை நாம் இழந்துவிடுகிறோம். தற்கொலை செய்துகொண்டவருக்கு மணி அடிப்பதில்லை, கோவிலுக்குள் கொண்டுவருவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலை என்ற வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், அறிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்கு அடக்கத் திருப்பலி மறுக்கும் விதி இருந்தது. 1983 தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள். கடுமையான மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்றும் அவர்களுடைய மறைக்கல்வி நூல் சொல்கிறது. நாட்டுச் சட்டமும், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017இல் சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளையின் பெட்டியோடு கோவில் கேட்டுக்கு வெளியே ஒரு தாய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கத்தை வைத்திருப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன், மணியை அடியுங்கள். அந்தத் தாயை உள்ளே விடுங்கள்.

அந்த இளம் போதகருக்குக் கடைசியாக ஒன்று சொன்னேன். எங்களுக்கு வாய்த்தாரே, அந்தப் போதகருக்கு மாற்றல் வந்தது. நம் சபைகளில் மாற்றல் வந்தால் பாராட்டுக் கூட்டம் நடக்கும், சால்வை போடுவோம், லாரியில் சாமான் ஏற்றி அனுப்பிவைப்போம். புதியவர் வந்து ஒப்பெடுத்துக்கொள்வது ரெஜிஸ்டரும் சாவிக்கொத்தும் வங்கிப் புத்தகமும்தான். எந்த வீட்டில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்று எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பிறகு யாரும் வரவில்லை. அண்ணன் இரண்டு மூன்று வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நியூட்டனுக்கும் மாற்றல் வந்தது. 1780இல் லண்டனுக்குப் போனார். போகும் முன், பக்கத்து ஊரான நியூபோர்ட் பாக்னெல்லில் ஊழியம் செய்த வில்லியம் புல் என்பவரைக் கூப்பருக்கு அறிமுகப்படுத்திவைத்தார். புல் வேறு சபைப் பிரிவைச் சேர்ந்தவர். நியூட்டன் அதைப் பார்க்கவில்லை. புல் அடிக்கடி வந்து கூப்பரோடு தோட்டத்தில் உட்கார்ந்து புகைபிடித்தபடி பேசிக்கொண்டிருப்பார். மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு பிரெஞ்சுக் கவிதைப் புத்தகத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கூப்பர் அந்த வேலையில் இறங்கினார்.

மாற்றல் ஆர்டர் வந்த பிறகு, சாமான் கட்டுவதற்கு முன், ஒரு சாயந்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டாரிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் சரி என்றால், புதிதாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய், "இவர் இனிமே வருவார் தம்பி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். புதியவருக்கு இதில் நாட்டமில்லை என்று தெரிந்தால், சபை மூப்பரோ பக்கத்து ஊர் பாதிரியாரோ ஓய்வுபெற்ற டீச்சரோ யாரையாவது பாருங்கள்.

இளம் போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்கள் அண்ணன் வீட்டுக்கு நான் வரலாமா என்றார். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். "வியாழக்கிழமை வேண்டாம், ஊசி போடப் போகணும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லு" என்றான்.